ஆட்டுக்காகவா ஒரு உயிர்? நவல்பட்டு எஸ்.எஸ்.ஐ. பூமிநாதன் நினைவாக

ஏட்டுமகள் | நவம்பர் 20, இரவு 9.40

நாளை விடிந்தால் நவம்பர் 21. 2021-ல் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருச்சி மாவட்டம் நவல்பட்டு காவல் நிலையத்தில் சிறப்பு உதவி ஆய்வாளராக (எஸ்.எஸ்.ஐ.) இருந்த பூமிநாதன், அன்று பொழுது விடிவதற்கு முன்னால் வெட்டிக் கொல்லப்பட்டார். இரவு ரோந்தில் இருந்தவர், வண்டியில் ஆடு திருடிக்கொண்டு போனவர்களைப் பார்த்துவிட்டு விடாமல் துரத்தினார். மாவட்ட எல்லையைத் தாண்டி, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கம் பள்ளத்துப்பட்டி வரைக்கும் போய்ப் பிடித்தும் விட்டார். துணைக்கு வரச் சொல்லிக் கூட வேலை பார்ப்பவருக்குப் போனும் செய்தார். ஆள் வந்து சேர்வதற்குள் அரிவாள் விழுந்துவிட்டது.

இதை இன்றைக்கு எழுத ஒரு காரணம் இருக்கிறது. மத்தியானம் உறவில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தோம். பேச்சு எப்படியோ அந்தச் சம்பவத்துக்கு வந்தது. எதிர் பந்தியில் இருந்த ஒருவர், “ஒரு ஆட்டுக்குட்டிக்காக எவனாவது உயிரை விடுவானா? வண்டி நம்பரைக் குறிச்சுக்கிட்டுத் திரும்ப வேண்டியதுதானே” என்றார். என் பக்கத்தில் அப்பா. இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, எஸ்.எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர். (எங்கள் தெருவில் கடைசி வரை அவரை ஏட்டய்யா என்றுதான் கூப்பிட்டார்கள், அதனால்தான் என் பெயர் இங்கே இப்படி.) அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாயசம் வருவதற்கு முன்னாலேயே இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்.

பஸ்ஸில் வரும்போதுதான் வாயைத் திறந்தார். “அவர் திரும்பிப் போயிருந்தா, இதே ஆளு, போலீஸ்காரன் பார்த்துட்டும் விட்டுட்டான், மாமூல் வாங்கியிருப்பான்னு சொல்லியிருப்பாரு.” அதோடு சரி. வீடு வந்து சேரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அப்பா பூமிநாதனை நேரில் பார்த்தது கிடையாது. எனக்கும் செய்தியில் வந்ததைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த வேலையை அறிந்தவர்கள், அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் இங்கே இருப்பீர்கள். எழுதுங்கள். அவர் செய்தது வீண் வேலையா?

பொன்மலையான் | நவம்பர் 20, இரவு 10.05

நல்ல நேரத்தில் ஆரம்பித்தீர்கள் தங்கச்சி.

அந்த நவம்பர் முழுக்க மழை. ஊரெல்லாம் சேறு. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நிற்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. கடைக்காரர் கையில் கத்தியோடு அப்படியே நின்றுவிட்டார். “ஆட்டுக்காகவா?” என்று அவரும்தான் கேட்டார். ஆனால் அவர் கேட்ட தொனி வேறு. அவர் குரலில் ஏளனம் இல்லை, ஆற்றாமைதான் இருந்தது.

அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. குடும்பத்துக்கு 1 கோடி ரூபாயும், ஒருவருக்கு அரசு வேலையும் முதல்வர் அறிவித்தார். அப்போது டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு வந்து அஞ்சலி செலுத்தினார். இரவு ரோந்துக்குப் போகும்போது துப்பாக்கி எடுத்துப் போங்கள், உயிருக்கு ஆபத்து என்றால் தற்காப்புக்குப் பயன்படுத்தத் தயங்காதீர்கள் என்று காவலர்களுக்குச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

என் அப்பாவுக்குத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை. நவல்பட்டு என்றாலே எங்களுக்கு அந்தத் தொழிற்சாலையும் அதன் சங்குச் சத்தமும்தான் நினைவுக்கு வரும். இப்போது அந்த ரோட்டில் போகும்போதெல்லாம் பூமிநாதன் பெயர்தான் முதலில் வருகிறது.

கீரனூர்ப்பக்கம் | நவம்பர் 20, இரவு 10.50

எனக்கு அந்த இடம் தெரியும். எங்கள் ஊரிலிருந்து வண்டியில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது.

ரயில்வே சப்வே என்றால் நகரத்துக்காரர்கள் நினைப்பது வேறு. எங்கள் பக்கம் லெவல் கிராசிங் கேட்டை எடுத்துவிட்டு, தண்டவாளத்துக்கு அடியில் பெட்டி பெட்டியாக கான்கிரீட் வைத்துப் பாதை போட்டார்கள். நாலு மழை பெய்தால் குளமாகிவிடும். அதே 2021 செப்டம்பரில்தான், புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் சப்வேயில் தேங்கின தண்ணீரில் கார் மாட்டி, உள்ளே இருந்த பெண் மருத்துவர் இறந்துபோனார். இரண்டு மாதம் கழித்து இது. பள்ளத்துப்பட்டி சப்வேயிலும் அன்று தண்ணீர் நின்றது. திருட வந்தவர்களுக்கு அதற்கு மேல் வழி இல்லை. அங்கேதான் பூமிநாதன் மடக்கினார். சுற்றி ஒரு வீடு கிடையாது, விளக்கு கிடையாது. பகலில் போனாலே தவளைச் சத்தமும் கருவேலங்காடும்தான்.

சரி, ஆட்டு விஷயத்துக்கு வருகிறேன். “ஒரு ஆட்டுக்குட்டி” என்று அந்த உறவுக்காரர் சொன்னாரே, அவருக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் அம்மாவுக்கு நிலம் இல்லை. அப்பா தவறிய பிறகு மகளிர் குழுவில் கடன் வாங்கி நாலு வெள்ளாடு வாங்கிக் கட்டினார். நான் பாலிடெக்னிக் படித்த மூன்று வருஷமும் கட்டணம் கட்டியது அந்த ஆடுகள்தான். ஜூன் மாதம் வந்தால் ஒரு கிடாய் போகும். அக்காவுக்குத் தலைப்பிரசவம் என்றால் இன்னொன்று போகும். பேங்கில் போட்ட பணத்துக்காவது மேனேஜரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போனால் மத்தியானத்துக்குள் கையில் காசு.

நான் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒரே ராத்திரியில் மூன்றைக் கொண்டுபோய்விட்டார்கள். அன்றைக்கும் மழைதான். காலையில் அம்மா எழுந்து கொட்டிலுக்குப் போனபோது, அறுத்துப் போட்ட கயிறு மட்டும் கிடந்தது. தாய் ஆட்டைக் கொண்டுபோனவர்கள், பால்குடி மறக்காத குட்டி இரண்டை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவை நாள் முழுக்கக் கத்தின. அம்மா ஃபீடிங் பாட்டிலில் பசும்பாலை ஊற்றிக் கொடுத்தார். ஒன்று பிழைத்தது, ஒன்று செத்தது.

ஸ்டேஷனுக்குப் போனோம். எந்த ஸ்டேஷன் என்று வேண்டாம். “ஆடு தானேம்மா, எங்கயாவது மேயப் போயிருக்கும்” என்றார்கள். மனு வாங்கிக்கொள்ளவே இரண்டு நாள் ஆனது.

அதனால் பூமிநாதன் செய்தியை டிவியில் பார்த்தபோது அம்மா சொன்ன வார்த்தையை நான் மறக்க மாட்டேன். “ஆடுதானேன்னு சொல்லாத ஒரு போலீஸ்காரர் இருந்திருக்காருடா.” அன்று ராத்திரி அடுப்பு மூட்டவில்லை.

ஏட்டுமகள் | நவம்பர் 20, இரவு 11.10

அண்ணா, உங்கள் அம்மா சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “அந்தம்மாவுக்கு நான் வணக்கம் சொன்னதா எழுது” என்றார்.

தெற்குவாசல் | நவம்பர் 20, இரவு 11.25

நான் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்லப் போகிறேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் பென்னிக்ஸையும் ஸ்டேஷனுக்குள் வைத்து அடித்தே கொன்றார்கள். அப்பாவும் மகனும். அன்றிலிருந்து காக்கிச்சட்டையைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. பூமிநாதனுக்காக வருத்தப்படுகிறேன், மனதாரச் சொல்கிறேன். ஆனால் “வீரவணக்கம்” என்று போஸ்டர் அடிக்கும்போது, அந்தப் போஸ்டருக்குப் பின்னால் எல்லோரும் போய் ஒளிந்துகொள்கிறார்களே என்று தோன்றுகிறது. ஒரு நல்ல மனிதரின் சாவை வைத்து மொத்தத் துறைக்கும் வெள்ளையடித்துவிடுவார்கள். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஏட்டுமகள் | நவம்பர் 20, இரவு 11.50

கோபம் எதற்கு. நானும் அந்த வாரம் தூங்கவில்லை. போலீஸ்காரர் மகள் என்று காலேஜில் சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். சாத்தான்குளத்தில் அன்று ராத்திரி என்ன நடந்தது என்று மாஜிஸ்திரேட்டிடம் துணிந்து சொன்னது யார்? அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி. அவரும் காக்கிதான் போட்டிருந்தார். அவருடைய சாட்சி இல்லாமல் அந்த வழக்கு இவ்வளவு தூரம் வந்திருக்குமா?

பூமிநாதனை நினைப்பதால் ஜெயராஜையும் பென்னிக்ஸையும் மறக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், அவரைப் பற்றிச் சரியாக, விவரமாகப் பேசினால்தான் மற்றவர்கள் பின்னால் ஒளிய முடியாது. அவர் என்ன செய்தார்? உடம்பில் காக்கியும் கையில் லத்தியும் இருக்கிறது என்பதற்காக யாரையும் அடிக்கவில்லை. பெயர் தெரியாத ஏதோ ஒரு வீட்டுக்காரியின் ஆட்டுக்காக மழையில் வண்டி ஓட்டினார். போஸ்டரில் போட வேண்டியது அதைத்தான். வெறும் “வீரவணக்கம்” என்று போட்டால் நீங்கள் சொல்வது மாதிரிதான் ஆகும்.

தெற்குவாசல் | நவம்பர் 21, அதிகாலை 12.05

ரேவதியை நான் மறந்துவிட்டது உண்மை. ஒத்துக்கொள்கிறேன்.

ஏட்டுமகள் | நவம்பர் 21, அதிகாலை 12.40

அப்பா இன்னும் தூங்கவில்லை. “எழுதுறியா, நான் சொல்றேன்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

முதலில் எஸ்.எஸ்.ஐ. என்றால் என்னவென்று சொல்லச் சொன்னார். நேரடியாக எஸ்.ஐ. பரீட்சை எழுதி வருகிறவர்கள் வேறு. பூமிநாதன் காலத்து விதிப்படி, இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர் பத்து வருஷத்தில் முதல் நிலை, இன்னும் ஐந்து வருஷத்தில் ஏட்டு, அதற்கு மேல் பத்து வருஷம் போனால் எஸ்.எஸ்.ஐ. ஆக, ஒருவர் எஸ்.எஸ்.ஐ. என்றால் இருபத்தைந்து வருஷம் பந்தோபஸ்து, பாரா, ரோந்து என்று நின்று நின்று குதிகால் தேய்ந்தவர் என்று அர்த்தம். பூமிநாதனுக்கு ஐம்பது வயதுக்குப் பக்கம். அந்த வயதில், அந்த நேரத்தில், முன்னால் ஒரு வண்டி பறக்கிறது. முட்டி வலி இருக்கிற மனிதன் ஆக்சிலேட்டரை முறுக்குகிறான் என்றால் அது வாலிப முறுக்கு இல்லை, பழக்கம் என்கிறார் அப்பா.

நைட் ரவுண்ட்ஸ் எப்படி இருக்கும் என்று கேட்டேன். ராத்திரி பத்துக்கு ரோல் கால். அதற்குப் பிறகு பீட், அதாவது யார் எந்தப் பகுதிக்கு ரோந்து என்று பிரித்துக் கொடுப்பார்கள். பேங்க் வாசல், நகைக்கடை, கோயில், ஊர்க்கோடியில் ஒரு பள்ளிக்கூடம் என்று அங்கங்கே பட்டாப் புத்தகம் தொங்கும். மழைத் தண்ணீர் படாமல் பாலிதீன் பையில் போட்டுக் கட்டியிருப்பார்கள். போய் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் பேனா. அப்பாவுடைய டார்ச்சின் வாலில் பல் தடம் பதிந்து கிடக்கும். சின்ன வயசில் அது எலி கடித்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பல இடங்களில் கைப்பேசியில் ஸ்கேன் செய்துவிட்டுப் போகிறார்களாம்.

தூக்கம் முட்டுகிற நேரம் இரண்டரை மணியிலிருந்து நாலு மணி. திருடன் வருகிறதும் அப்போதுதான். ஆடு திருடுகிறவன் மழை நாளாகப் பார்த்து வருவான். கூரையில் விழுகிற மழைச் சத்தத்தில் ஆடு கத்துவது கேட்காது. நாய்கூடத் திண்ணைக்கு அடியில் சுருண்டு படுத்துவிடும். ஒருவன் ஓட்டுவான், பின்னால் இருப்பவன் ஆட்டின் வாயைக் கட்டி மடியில் போட்டுக்கொண்டு, மேலே போர்வையைப் போர்த்திக்கொள்வான். தூரத்திலிருந்து பார்த்தால் உடம்புக்கு முடியாத குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற மாதிரி இருக்கும். அதைப் பார்த்ததும் இது குழந்தை இல்லை, ஆடு என்று தெரிந்துகொள்கிற கண் இருக்கிறதே, அது எந்த டிரெயினிங் சென்டரிலும் வராது என்கிறார்.

அப்புறம் இதுவரை எனக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அப்பா ஏட்டாக இருந்தபோது, கரண்ட் மோட்டார் ஒயர் திருடிக்கொண்டு போன ஒருவனைத் தனியாகத் துரத்திப் பிடித்திருக்கிறார். இரண்டு ஊர் தள்ளி, ஒரு வாய்க்கால் மதகுமேல். கூட வர வேண்டியவருக்கு அன்று வேறு எங்கேயோ பந்தோபஸ்து போட்டுவிட்டார்கள். வயர்லெஸ் மைக் எடுக்கவில்லை. அவனுடைய துண்டாலேயே அவன் கையைக் கட்டிவிட்டு, மதகில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். விடிந்து பால்காரர் ஒருவர் வரும் வரை, ஒன்றரை மணி நேரம். நடுவில் அவன் தண்ணீர் கேட்டிருக்கிறான். வாய்க்காலில் இறங்கிக் கையில் அள்ளிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறார்.

“அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவன் என்னை என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். நான் குனிந்து தண்ணீர் அள்ளும்போது முதுகு அவன் பக்கம்தான் இருந்தது. அவனிடம் அரிவாள் இல்லை. பூமிநாதனுக்கும் எனக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.”

இதைச் சொல்லிவிட்டு அப்பா உள்ளே போய்ப் படுத்துவிட்டார். எனக்கு அப்போது நாலு வயதோ ஐந்து வயதோ இருந்திருக்கும். அந்த ராத்திரி நாங்கள் எல்லோரும் வீட்டில் நன்றாகத் தூங்கியிருப்போம்.

பொன்மலையான் | நவம்பர் 21, காலை 6.15

எழுந்ததும் இதைத்தான் படித்தேன். ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டதாகச் சொல்லுங்கள்.

புதுகை வழக்குரைஞர் | நவம்பர் 21, காலை 7.30

இந்த வழக்கைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. பொதுவாக இரண்டு சட்ட விஷயம் மட்டும்.

ஒன்று, துப்பாக்கி. தற்காப்பு உரிமை அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96-ஆம் பிரிவிலிருந்து 106 வரைக்கும் இருந்தது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால், எதிராளியின் உயிர் போகிற அளவுக்குக்கூட அந்த உரிமை நீளும். இது போலீசுக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும் எனக்கும் உண்டு. ஆனால் நடைமுறை வேறு. தமிழ்நாட்டில் ஒரு காவலர் சுட்டால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை வரும். ஏன் சுட்டாய், எத்தனை அடி தூரம், முதலில் எச்சரித்தாயா என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். அப்படிக் கேட்பது சரிதான், கேட்காவிட்டால் ஆபத்து. ஆனால் அந்தக் கேள்விகளையெல்லாம் இருட்டில் இரண்டு வினாடிக்குள் தனக்குத் தானே கேட்டுக்கொள்கிற ஆளைப் பற்றியும் நாம் யோசிக்க வேண்டும். கையில் துப்பாக்கி கொடுத்துவிட்டால் போதாது. ஏட்டய்யா சொன்ன கதையில் குறைந்தது துப்பாக்கி இல்லை, இரண்டாவது ஆள்.

இரண்டு, சிறுவர்கள். அடுத்து யாராவது அதைக் கேட்பார்கள் என்று தெரியும்.

அறந்தாங்கி அருவி | நவம்பர் 21, காலை 8.10

நான்தான் கேட்கிறேன் சார். கைதானவர்களில் ஒருவருக்குப் பத்தொன்பது வயது. மற்ற இரண்டு பேரும் சிறுவர்கள், அதில் ஒருவனுக்குப் பத்து வயதுதான் என்று அப்போது பேப்பரில் படித்தேன். என் மகனுக்கும் இப்போது பத்து. ராத்திரி பாத்ரூம் போக என்னை எழுப்புகிறான். ஆனாலும் மனசு ஆறவில்லை. ஒரு மனிதனின் உயிர் போயிருக்கிறது. சின்னப் பையன் என்று விட்டுவிட முடியுமா?

புதுகை வழக்குரைஞர் | நவம்பர் 21, காலை 8.45

அம்மா, சட்டம் இதை வயதை வைத்துப் படிப்படியாகப் பார்க்கிறது. ஏழு வயதுக்குக் கீழே எந்தக் குற்றமும் குற்றமே ஆகாது. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை, செய்வதன் விளைவு புரிகிற முதிர்ச்சி அந்தக் குழந்தைக்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும். பதினாறு தாண்டிப் பதினெட்டுக்குள் இருந்தால், கொலை போன்ற கொடுங்குற்றத்தில் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று இளைஞர் நீதிக் குழுமம் ஆராய்ந்து முடிவு செய்யும். பதினாறுக்குக் கீழே என்றால் அதிகபட்சம் மூன்று வருஷம் சிறப்பு இல்லம்.

விட்டுவிடுவது என்று நீங்கள் சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. ராத்திரி மூன்று மணிக்குப் பத்து வயதுப் பையன் ஆடு திருடுகிற வண்டியில் இருக்கிறான் என்றால், அவனை அங்கே கொண்டுவந்து விட்டது யார் என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இருக்காது. நம்மிடம்தான் இருக்க வேண்டும்.

ஏட்டுமகள் | நவம்பர் 21, காலை 9.20

அருவி அக்கா, உங்கள் கோபம் எனக்கும் இருந்தது. அதைக் கொஞ்சம் மாற்றியது ஒரே ஒரு விவரம்.

பிடித்த பிறகு பூமிநாதன் அவர்களை அடிக்கவில்லை. பிடிபட்டவனின் அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசியிருக்கிறார். டி.ஜி.பி. பத்திரிகையாளர்களிடம் இதைச் சொன்னபோது, அவர் மனிதாபிமானத்தோடு நடந்துகொண்டார் என்றுதான் சொன்னார். அந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். நடுராத்திரி, தண்ணீர் தேங்கின ஒரு சப்வே பக்கத்தில், தனி ஆளாக நின்றுகொண்டு, முன்பின் தெரியாத ஒரு தாயிடம் போனில் பேசுகிறார். அவர் அப்போது அவர்களைக் குற்றவாளியாகப் பார்த்தாரா, யாரோ பெற்ற பிள்ளையாகப் பார்த்தாரா? போன் யாருக்குப் போனது என்பதே பதில்.

அந்த இரக்கத்துக்குக் கிடைத்ததுதான் வெட்டு என்று சொல்லலாம். சொல்லிவிட்டு, இனி யாரும் இரக்கப்படாதீர்கள் என்றும் சொல்லலாம். எனக்கு அது வரவில்லை அக்கா. அவர் கடைசியாகச் செய்தது அந்த அழைப்பும், துணைக்கு ஆள் கேட்ட அழைப்பும். அந்த இரண்டாவது போனுக்கு நேரத்துக்கு ஆள் வந்திருந்தால், முதல் போன் ஒரு நல்ல கதையாக முடிந்திருக்கும். அந்தத் தாயும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்திருப்பார்.

அறந்தாங்கி அருவி | நவம்பர் 21, காலை 9.40

இது எனக்குத் தெரியாது. இன்னும் ஒரு முறை படிக்கிறேன்.

திருப்பத்தூரான் | நவம்பர் 21, மதியம் 12.10

எங்கள் ஊர்க் கதையையும் இங்கே வைக்கிறேன். காலம் வேறு, காரணம் வேறு. ஆனால் எப்படி நினைவு வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு இது பொருந்தும்.

1980 ஆகஸ்ட் 6. நக்சலைட்டுகளைப் பிடித்து காரில் கொண்டு வரும்போது, அதில் ஒருவர் மறைத்து வைத்திருந்த வெடிகுண்டு வெடித்தது. இன்ஸ்பெக்டர் பழனிசாமியும் மூன்று போலீஸ்காரர்களும் செத்தார்கள். எம்.ஜி.ஆர். முதல்வர். அதற்குப் பிறகு நடந்த நக்சல் ஒழிப்பு நடவடிக்கைக்கு, பழனிசாமியின் சின்ன மகள் பெயரையே வைத்து ஆபரேஷன் அஜந்தா என்றார்கள். அந்த நடவடிக்கையில் போலீஸ் சுட்டுக் கொன்றவர்களைப் பற்றி இன்றைக்கும் பெரிய சர்ச்சை உண்டு. சுடப்பட்டவர்களுக்கும் எங்கள் பக்கத்தில் நினைவு நாள் உண்டு. அதை மறைத்துப் பேசினால் பொய்யாகிவிடும்.

ஆனால் வருஷா வருஷம் ஆகஸ்ட் 6-ல் திருப்பத்தூரில் நினைவுத்தூணுக்கு மாலை போடுவார்கள், துப்பாக்கி முழங்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அந்தச் சத்தம் கேட்டிருக்கிறேன். சின்ன வயசில் பெரியப்பா கூட்டிப்போய்க் காட்டினார். “இன்ஸ்பெக்டர் பேரு எல்லாருக்கும் தெரியும். மத்த மூணு பேரையும் படி” என்றார். ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படிக்க வைத்தார். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் கீழே இருக்கிற பெயரிலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பேன்.

ஆவடி முகாம் | நவம்பர் 21, மதியம் 2.30

சி.ஆர்.பி.எஃப்.பில் (மத்திய ரிசர்வ் போலீஸ் படை) இருந்து வந்தவன் நான். பெயர் படிப்பது என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

அக்டோபர் 21-ஐ வீரவணக்க நாளாக நாடு முழுவதும் ஏன் வைத்தார்கள் என்று நிறையப் பேருக்குத் தெரியாது. 1959-ல் திபெத் எல்லையைக் காத்தது ராணுவம் இல்லை, போலீஸ். லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்கிற இடம், பதினைந்தாயிரம் அடிக்கு மேலே. ரோந்து போன சிலர் திரும்பவில்லை. அவர்களைத் தேடிக் கரம் சிங் என்கிற அதிகாரி தலைமையில் இருபது பேர் அளவில் போனார்கள். மலைமேலிருந்து சீனப் படை சுட்டது. பத்துப் பேர் அங்கேயே செத்தார்கள். உடல்கள் நவம்பர் 13-ஆம் தேதிதான் திரும்பக் கிடைத்தன. அங்கேயே தகனம் செய்தார்கள். இங்கேயும் கவனியுங்கள், காணாமல் போன கூட்டாளிகளைத் தேடிப் போனவர்கள்தான் செத்தார்கள்.

ஒவ்வொரு அக்டோபர் 21-லும், முந்தைய செப்டம்பர் 1 முதல் அந்த வருஷம் ஆகஸ்ட் 31 வரை நாடு முழுவதும் பணியில் இறந்தவர்களின் பெயரைப் படிப்பார்கள். சென்னையில் மெரினா பக்கம் டி.ஜி.பி. அலுவலக வளாகத்தில் நடக்கும். பியூகிள் ஊதும்போது துப்பாக்கிகளைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, எல்லோரும் தலை குனிந்து நிற்பார்கள். கடல் காற்றில் தொப்பி பறக்கப் பார்க்கும், யாரும் கையை எடுக்க மாட்டார்கள். 2018-ல் டெல்லி சாணக்கியபுரியில் தேசிய போலீஸ் நினைவிடம் திறந்தபோது, அங்கே கல்லில் பொறித்த பெயர்கள் 34,844. முப்பது அடி கருங்கல் தூண் ஒன்று நடுவில் நிற்கிறது.

அந்தப் பட்டியலைக் காது கொடுத்துக் கேட்டால் ஒன்று தெரியும். குண்டு வெடிப்பு, நக்சல், எல்லை என்று பெரிய பெரிய இடங்களுக்கு நடுவே, சாதாரணச் செக்போஸ்ட்டும் மணல் லாரியும் வந்துகொண்டே இருக்கும். நம் பக்கத்திலேயே பாருங்கள். 2018-ல் நாங்குநேரியில் மணல் திருட்டைத் தடுக்கப் போன காவலர் ஜெகதீஷ் துரை. 2020 ஜனவரியில் களியக்காவிளை செக்போஸ்ட்டில் சுடப்பட்ட எஸ்.எஸ்.ஐ. வில்சன், ஓய்வுக்குச் சில மாதமே பாக்கி. அதே வருஷம் ஆகஸ்டில் தூத்துக்குடி மாவட்டத்தில் ரவுடியைப் பிடிக்கப் போய் நாட்டு வெடிகுண்டில் செத்த காவலர் சுப்பிரமணியன். 2021 பிப்ரவரியில் ஏரலில் வண்டி ஏற்றிக் கொல்லப்பட்ட எஸ்.ஐ. பாலு. அடுத்து நவம்பரில் பூமிநாதன். ஒருவரும் போர்க்களத்துக்குப் போகவில்லை. அன்றைய டூட்டிக்குப் போனார்கள்.

தெற்குவாசல் | நவம்பர் 21, மாலை 5.00

நேற்று ராத்திரி நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். சாத்தான்குளத்தைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தையையும் எடுக்க மாட்டேன். ஆனால் இன்று காலை வேலைக்குப் போகும் வழியில் பாலத்துக்கு அடியில் நின்ற டிராபிக் காவலரைப் பார்த்து, எத்தனை மணிக்கு சார் டூட்டி முடியும் என்று கேட்டேன். ஏன் கேட்கிறான் என்று சந்தேகமாகப் பார்த்தார். அப்புறம் சொன்னார். இவ்வளவு வருஷத்தில் நான் ஒரு போலீஸ்காரரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

கீரனூர்ப்பக்கம் | நவம்பர் 21, இரவு 8.40

அம்மாவிடம் ஏட்டய்யாவின் வணக்கத்தைச் சொல்லிவிட்டேன். சாயங்காலம் நானும் அம்மாவும் பள்ளத்துப்பட்டிக்குப் போய்விட்டு வந்தோம். எங்கள் தோட்டத்துச் செம்பருத்தி நாலைப் பறித்து வந்திருந்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல், சப்வே சுவர் ஓரத்தில் வைத்தார். அந்த நேரம் இரண்டு பிள்ளைகள் ஆடு ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு ஆடு பூவைத் தின்ன வந்தது. விரட்டப் போன என்னை அம்மா தடுத்துவிட்டார். “தின்னட்டும் விடு.”

ஏட்டுமகள் | நவம்பர் 22, காலை 6.50

அண்ணா, படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை.

நேற்று ராத்திரி இரண்டே முக்கால் மணிக்குக் கேட் திறக்கிற சத்தம் கேட்டு எழுந்தேன். அப்பா வெளியே நின்றுகொண்டிருந்தார். எங்கள் தெரு முனையில் இருக்கிற பேங்க் வாசலில் ரோந்து வண்டி. ஒரு பையன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான், இன்னொருவன் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அப்பா கிட்டே போய், தான் யார் என்று சொல்லிவிட்டு, “மைக் எடுக்குதா தம்பி?” என்று கேட்டார். எடுக்குதுங்க ஐயா என்றார்கள். டீ போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். “இன்னும் நாலு பாயின்ட் இருக்குங்கய்யா” என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்கள்.

பின்னால் உட்கார்ந்தவன் திரும்பிப் பார்த்து ஒரு சல்யூட் வைத்தான். அப்பா லுங்கியோடு நின்று பதிலுக்கு வைத்தார். வண்டிச் சத்தம் அடங்கும் வரைக்கும் உள்ளே வரவில்லை.